கமா சார்

தேனாம்பேட்டைப் பக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளிடம் ஸ்ரீரங்கன் என்று கேட்டால் விழிப்பார்கள். கமா சார் என்றால் உடனே தெரியும். பாடக் குறிப்பு சொல்லும்போது "இலை, கமா, தண்டு, கமா, வேர், முற்றுப்புள்ளி" என்று குறிகளையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போவார். நடுநடுவே பெஞ்சுகளுக்கிடையில் நடந்து குனிந்து பார்ப்பார். கமா விட்டுப்போன பிள்ளையை எழுப்பி நிறுத்தி, போட்ட பிறகுதான் உட்கார விடுவார். வேறு எதற்கும் கோபப்படாத மனிதர். கடைசி பெஞ்சுப் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால், "மச்சி, துன்னியா, கமா, தூங்கினியா, கமா" என்று பேசிக்கொள்வது அவர் காதில் விழும். விழாத மாதிரிப் போய்விடுவார்.

அந்தப் பழக்கம் அவருக்கு முதலிலிருந்தே இருந்ததில்லை. தொண்ணூற்றாறில் வந்தது.

அதற்கு முன்னால் அவர் அந்தப் பள்ளியில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் மனைவி வேம்புவோடு குடியிருந்தார். காலையில் பஸ்ஸைப் பிடித்து வந்து அறிவியல் நடத்திவிட்டு மாலையில் பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவார். தவளையின் இதயம், பூவின் மகரந்தம், செரிமானம் என்று எல்லாவற்றையும் பொறுமையாக நடத்துவார். மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வரும்போது மட்டும், "இதை நீங்களே ஆத்துல படிச்சுக்கோங்கோ" என்று பக்கங்களைத் தள்ளிவிடுவார். எல்லா வாத்தியார்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களில் வாழ்க்கைத் திறன் கல்வி என்று ஒன்று வந்தது. எய்ட்ஸ் வராமல் தற்காத்துக்கொள்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். நோயைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது. வேண்டாம் என்று மறுக்கவும், யோசித்து முடிவெடுக்கவும், அடுத்தவர் நிலையில் நின்று பார்க்கவும் பழக்க வேண்டும். அதற்கு ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நழுவினார்கள். ஸ்ரீரங்கனுக்கு மறுக்கத் தெரியாது. அவர் பெயரை எழுதிவிட்டார்கள்.

பயிற்சி அடையாற்றில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது. ஜுவேரியா என்ற சின்னப் பெண் நடத்தினாள். வந்திருந்த ஆசிரியர்களை வட்டமாக நிற்கவைத்து, சொல்லக் கூசுகிற வார்த்தைகளை ஒவ்வொருவராக உரக்கச் சொல்லச் சொன்னாள். ஸ்ரீரங்கனின் முறை வந்தபோது அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சார், எனக்கே கேக்கல. பக்கத்து ரூமுக்குக் கேக்கணும்" என்றாள்.

இரண்டாம் முறை காற்று மட்டும் வந்தது. மூன்றாம் முறை "உடலுறவு" என்று வந்தேவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வார்த்தையை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லிட்டேன், வேம்பு."

"என்ன வார்த்தை?"

சொன்னார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த வேம்பு கத்தியை நிறுத்தவில்லை.

"நன்னாச் சொல்லுங்கோ. கீழ் போர்ஷன் மாமிக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

மறுநாள், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய குறிப்பை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை விஜயலக்ஷ்மியின் அறைக்குப் போனார். கெட்ட மனுஷி இல்லை அவர். பீஸ் கட்டாத பிள்ளைகளுக்காக நிர்வாகத்திடம் சண்டை போடுகிறவர். ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நோய் பரவும் வழிகள் என்று போட்டு, முதலில் உடலுறவு, பிறகு ரத்தம், ஊசி, தாயிடமிருந்து சேய்க்கு என்று எழுதியிருந்தது.

"இதை அப்படியே சொல்லப்போறேளா?"

"அப்படித்தான் சொல்லணும்னு டிரெயினிங்ல சொன்னா, மேடம்."

"டிரெயினிங்ல சொல்லிட்டு அவா அவாத்துக்குப் போயிடுவா. நாளைக்குக் கரஸ்பாண்டென்ட் என்னைன்னா கூப்பிடுவார்." பேனாவை எடுத்து உடல் என்பதை மட்டும் அடித்தார். "உறவுன்னு போட்டா போறும். அதையும் முதல்லயே வைக்காதேங்கோ, கண்ணுல படும். ரத்தத்துக்கு அப்புறம் தள்ளிப் போட்டுக்கோங்கோ."

"பசங்களுக்குப் புரியணுமே, மேடம்."

"புரியறவாளுக்குப் புரியும், சார்."

ஸ்ரீரங்கன் தலையாட்டினார். பயிற்சியில் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லி வாதாடியிருக்கலாம். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோது அவருக்கு உள்ளுக்குள் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவர் பிற்பாடு மறக்க முயன்றபோதெல்லாம் அது அப்படியே, அந்த வராந்தாவின் வெயிலோடு, நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் நீதிபோதனை பீரியடை அதற்கு ஒதுக்கினார்கள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வேகமாக, தாழ்ந்த குரலில் குறிப்பைச் சொன்னார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. "ரத்தம் உறவு ஊசி தாயிடமிருந்து சேய்க்கு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். உறவு என்ற இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வகுப்பு அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது பெஞ்சில் எழிலரசி எழுந்து நின்றாள். கணக்கில் விடையை முதலில் சொல்லிவிட்டு வழியைப் பிறகு எழுதுகிற பெண்.

"சார், உறவு இருந்தா கட்டாயம் வந்துருமா சார்?"

ஸ்ரீரங்கனுக்குக் காது சூடானது. ஒரு பெண் பிள்ளை இதை எழுந்து நின்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"கட்டாயம்னு இல்லை. வர வாய்ப்பு நெறைய இருக்கு. உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "அப்ப இன்னா சார் பண்றது?"

"விலகி இருக்கறதுதான் நல்லது. உக்காரு."

உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்கிற ஷாகிராவைக் கேட்டபோது, "வேலைக்குப் போறா சார்" என்றாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் அப்படி நின்றுபோவது புதிதில்லை. பெஞ்சில் மற்ற பிள்ளைகள் கொஞ்சம் விரிந்து உட்கார்ந்தார்கள். இடம் மூடிக்கொண்டது.

அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பதைப் பழக்க, நாடகம் போடச் சொல்லியிருந்தார்கள். நோய் வந்த ஒருவரை வீட்டில் எப்படி நடத்த வேண்டும் என்பது காட்சி. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஸ்ரீரங்கன் அதை வைத்துக்கொண்டார். ஒரு பையன் நோயாளி அப்பாவாக பெஞ்சில் மல்லாந்து படுத்தான். ஷாகிரா அம்மா, இன்னொரு பெண் மகள்.

"அய்யோ, எனக்கு எய்ட்ஸு வந்துகீது. யார்னா ஒரு பிரியாணி வாங்கிக் குடுங்கப்பா" என்று பையன் முனகினான். வகுப்பு சிரித்தது.

"தே, வாய மூடிக்கினு படு. செத்துகினு கீறவனுக்குப் பிரியாணி கேக்குதா" என்றாள் ஷாகிரா. ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத கிண்ணத்திலிருந்து இல்லாத கஞ்சியை ஊட்டினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகச் செய்கிறாள் என்று ஸ்ரீரங்கன் நினைத்தார். மகளாக நடித்த பெண்ணோ வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. ஒரு டம்ளரைத் தரையில் வைத்து ஸ்கேலால் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா அங்கயே நிக்கறே? தொட்டா வராதுன்னு சொன்னேனே."

"தொட்டா வராது சார். ஆனா அவ பொண்ணாச்சே" என்றாள் ஷாகிரா, அவளுக்காக.

"பொண்ணுன்னா?"

"ரத்த உறவு சார். அவளுக்கு வந்துரும். அம்மாவுக்கின்னா, வெளியிலருந்து கட்டிக்கினு வந்தவதானே."

பையன் படுத்தபடியே சொன்னான்: "நீங்கதானே சார் சொன்னீங்க. ரத்த உறவு, ஊசி, தாயிடமிருந்து சேய்க்கு." கூடவே வகுப்பு முழுவதும், பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில், அதைச் சொன்னது. தாயிடமிருந்து சேய்க்கு என்பதை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். அவர்கள் புரிந்துகொண்டபடி அது குடும்பத்துக்குள் வழிவழியாக இறங்குகிற நோய்தானே, சேய்க்கு வராமல் எப்படி இருக்கும்.

ஸ்ரீரங்கன் குறிப்புக் காகிதத்தை எடுத்து அந்த வரியைத் தேடினார்.

"எழிலு அதுக்குத்தான் சார் போயிட்டா" என்றாள் ஷாகிரா, குரலைத் தாழ்த்தி. "அவங்கப்பாவுக்கு அதுதான். யார்கிட்டயும் சொல்லாதன்னா. நீங்கதான் வெலகிக்கணும்னு சொல்லிட்டீங்களே."

அன்று மாலை அவர் மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறவில்லை. ஷாகிரா சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு, நந்தனத்துக்குப் பின்னால் ஹவுசிங் போர்டு வீடுகளின் மாடிப்படியில் ஏறினார். கதவு திறந்திருந்தது. கட்டிலில் எழிலரசியின் அப்பா ஜவஹர் படுத்திருந்தார். சினிமா அவுட்டோர் யூனிட்டில் லைட்மேனாக இருந்தவர். சுடுகிற விளக்குகளைத் தூக்கித் தழும்பேறிய கைகள் மட்டும் பழைய அளவில் இருந்தன. உடம்பு அவற்றுக்குப் பொருந்தாமல் சிறுத்திருந்தது. பவுனம்மா, அவர் மனைவி, அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தி.நகர் ஜவுளிக் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போடுகிற புடவைகளை மடித்து வைக்கிற வேலை.

"பாப்பாவோட இஸ்கூல் சாரா? உள்ள வா சார். குந்து."

"எழில் எங்கம்மா?"

"பெசன்ட் நகர்ல ஒரு வூட்ல தங்கி வேல செய்றா. நல்லா வச்சிகினு கீறாங்க."

"நன்னாப் படிக்கிற பொண்ணு. ஏன் நிறுத்தினீங்க?"

"நான் எங்க சார் நிறுத்தினேன். அவதான் இஸ்கூல்லருந்து அழுதுகினே வந்தா. ரத்த உறவுக்கெல்லாம் வந்துருமாம், சாரைக் கேட்டதுக்கு வெலகி இருன்னாரு, அப்டின்னா. அதுவரைக்கும் அப்பனுக்குக் கஞ்சி ஊத்தினது, துணி மாத்தினது, எல்லாம் அதுதான். புள்ளயாவது தப்பிக்கட்டும்னு நானே கொண்டும்போயி வுட்டேன்." அவள் பேசிக்கொண்டே காய்ந்த போர்வையை எடுத்து மடித்தாள். முனையோடு முனை சேர்ந்து, கடை அலமாரியில் வைக்கிற மாதிரி மடிந்தது.

"நீங்க உடம்பைக் காட்டினீங்களா?"

"எனக்கின்னாத்துக்கு சார். நான் அசல்ல வந்தவ. அக்கா பொண்ணு, மாமன் பொண்ணுன்னு சொந்தத்துல கட்டியிருந்தாருன்னா நானும் பயப்படணும். தாம்பரம் ஆஸ்பத்திரில இவரக் காட்டப் போனப்ப என்னையும் ரத்தம் குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. நாமதான் ரத்த உறவு இல்லியேன்னு வந்துட்டேன்."

பக்கத்து வீட்டில் டிவியில் ஏதோ சீரியலின் பாட்டு முடிந்தது.

"நான் சொன்னது ரத்த உறவு இல்லைம்மா. ரத்தம்னு ஒண்ணு. அது தனி. உறவுன்னு ஒண்ணு. அது தனி. நான்தான் நிறுத்திச் சொல்லலை."

"உறவுன்னா இன்னா உறவு சார்?"

அடையாற்றுக் கூடத்தில் மூன்றாம் முறை வந்த வார்த்தை. வட்டமாக நின்று கை தட்ட இங்கே யாரும் இல்லை. கட்டிலிலிருந்து இரண்டு கண்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உடலுறவு" என்றார். "புருஷன் பொண்டாட்டி சேர்றது. அதனால வர்றது. பெத்த பொண்ணுக்கு, பக்கத்துல இருக்கறதாலயோ கஞ்சி குடுக்கறதாலயோ வராது."

ஜவஹர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "டாக்டர் எங்கிட்ட சொன்னாரு சார்" என்றார் சுவரிடம். "வூட்ல சொல்லிரு, வெலகியிருன்னாரு. எனக்கும் வாய் வர்ல."

எனக்கும் என்றார். ஸ்ரீரங்கனுக்கு அது கேட்டது.

பவுனம்மா போர்வையை உதறிப் பிரித்தாள். மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"அப்ப எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லைம்மா. அவ பிறந்து எத்தனையோ வருஷம் கழிச்சு வந்த நோய் இது."

"இன்னொரு வாட்டி சொல்லு சார்."

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஸ்ரீரங்கனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாக்கியத்தின் மறுபாதியை அவள் இன்னும் கேட்கவில்லை என்று நினைத்து வாயைத் திறந்தார். "நீங்க நாளைக்கே தாம்பரம் போய்..."

"தெரியுது சார்" என்றாள் பவுனம்மா. "நான் இன்னா சின்னக் கொயந்தயா." போர்வையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். எட்டி, கணவன் மேலிருந்து நழுவியிருந்த லுங்கியைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். "ஞாயித்துக்கெழம பாப்பாவக் கூட்டிக்கினு வரலாம். நீயும் வா சார். நான் சொன்னா நம்பாது. சாரு சொன்னாருன்னாதான் நம்பும்."

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகரில் கடற்கரைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. எழிலரசி கேட்டைத் திறந்துகொண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாத்தியாரைப் பார்த்ததும் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள், வகுப்பில் நிற்பது போல.

"நான் சொன்னது தப்பாப் போயிடுத்தும்மா" என்று ஆரம்பித்தார் ஸ்ரீரங்கன். ரத்தம் தனி என்றார். உறவு தனி என்றார். முழு வார்த்தையைச் சொன்னார், இந்த முறை தடங்கல் இல்லாமல். உனக்கு வராது, அப்பா பக்கத்தில் தாராளமாக இருக்கலாம், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு என்றார்.

அவள் மலர்ந்தாள். ஒரு கணந்தான். விடையை முதலில் கண்டுபிடிக்கிற பெண். அவள் கண் வாத்தியாரை விட்டு அம்மாவிடம் போயிற்று.

"அப்ப அம்மாவுக்கு?"

பவுனம்மா தெருக்கோடியைப் பார்த்தாள். அங்கே கடல் தெரியாது. கடலுக்குப் போகிறவர்களின் முதுகுகள்தான் தெரியும். கையை நீட்டி மகளின் தாவணித் தலைப்பை எடுத்து மடிப்பு வைத்தாள். விரல்கள் மடிப்பைச் சீராக்கிக்கொண்டே இருந்தன.

"சார்" என்றாள் எழிலரசி. "நீங்க மொதல்ல சொன்னதே இருக்கட்டும் சார்."

"எழில்..."

"எனக்கு வர்றதா இருந்தா வரட்டும் சார். மொதல்ல சொன்னதே இருக்கட்டும்."

அடுத்த நீதிபோதனை பீரியடில் ஸ்ரீரங்கன் கரும்பலகையின் நடுவில் உடலுறவு என்று பெரிதாக எழுதினார். எழுதியதைத் திரும்பி நின்று வாய்விட்டுப் படித்தார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பெண்கள் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். அது அடங்கும்வரை சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டிய சிரிப்பு. இரண்டாவது பெஞ்சில், பள்ளிக்குத் திரும்பி வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார். வாழ்க்கைத் திறன் வகுப்பு அந்த மாதத்தோடு அவரிடமிருந்து போயிற்று. வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நீதிபோதனையில் பழையபடி நீதிக் கதை சொன்னார்கள். ஆனால் ஸ்ரீரங்கன் இனப்பெருக்கப் பாடத்தை அதற்குப் பிறகு ஒரு வருஷமும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னதில்லை.

தாம்பரத்தில் பவுனம்மாவின் ரத்தத்திலும் கிருமி இருந்தது தெரிந்தது. அது எப்போது வந்தது, பள்ளிக்கூடத்துக் குறிப்புக்கு முன்னாலா பின்னாலா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஸ்ரீரங்கன் ஒரு டாக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றார் அவர். முன்னால் என்றிருந்தால் தூங்கியிருப்பார். பின்னால் என்றிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

ஜவஹர் அந்தப் பொங்கலுக்கு முன்னால் இறந்தார். பவுனம்மா கைகால் வலுவிருந்தவரை புடவை மடித்தாள். எழிலரசி பத்தாவது எழுதியதும் மறுபடி பெசன்ட் நகருக்கே போனாள், இந்த முறை அம்மாவின் மருந்துக்காக.

எழுதும்வரை அவள் அதே இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஸ்ரீரங்கன் குறிப்பு சொல்லும்போது முகத்தைப் பிள்ளைகள் பக்கம் வைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுச் சொன்னார். ரத்த ஓட்ட மண்டலம் வந்தது.

"ரத்தம்" என்றார். "கமா."

எல்லோரும் போட்டார்கள். அவரையும் அறியாமல் அவர் பார்வை இரண்டாவது பெஞ்சுக்குப் போயிற்று. எழிலரசி கமாவைப் போட்டுவிட்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிற மற்றவர்களைப் போல நிமிரவில்லை. பேனா முனையை எடுக்காமல் அந்த இடத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தாள். மை ஊறிப் பரவி, கமா எது, காகிதம் எது என்று தெரியாமல் போகும்வரை அவர் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை.